கம்பியா, அலையா? பூதிகோட்டை கேட்ட கேள்வி

பொழுதுபோக்குச் சட்டம் என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன திரைப்பட ஒப்பந்தங்களும் பாடலுரிமை வழக்குகளும்தாம். அண்மைக் காலத்தில் ஓடிடி தளங்களும் மெய்நிகர் உலகங்களும் அவற்றோடு சேர்ந்துள்ளன. ஆயினும் புதிய தொழில்நுட்பமும் பழைய சட்டமும் மோதும் இடத்தைக் காண விரும்புவோர் மும்பைக்குப் போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிகோட்டையே போதும். ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதற்கு மேல் அவ்வூரைப் பற்றி நம் பாடநூல்கள் எதுவும் சொல்வதில்லை.

இக்கதை ஒரு கிரிக்கெட் தகராற்றில் தொடங்குகிறது. 1993-இல் ஹீரோ கோப்பைப் போட்டிகளின் ஒளிபரப்புரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஓர் அயல்நாட்டு நிறுவனத்துக்கு அளித்தது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தைக் காட்டி அரசுத் தரப்பு தடை எழுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வான் அலைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றை அரசோ தனியாரோ ஏகபோகமாக ஆளலாகாது என்றும் 1995 பிப்ரவரி 9-இல் தீர்ப்பு வந்தது. விளையாட்டு வணிகத்தில் முளைத்த வழக்கொன்று கருத்துரிமையின் அடிக்கல்லாக மாறியது நம் சட்ட வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

பொதுச் சொத்து என்றார்களே தவிர, பொதுமக்கள் கைக்கு அது எளிதில் வந்துவிடவில்லை. முதலில் ஏலம் வந்தது. நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி 2001 ஜூலையில் பெங்களூரில் ஒலிக்கத் தொடங்கியது. கல்வி நிறுவனங்களுக்கு 2002 இறுதியில் வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். அதன் முதற்பயன். தொண்டு நிறுவனங்களோ 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் பூதிகோட்டையில் 'நம்ம த்வனி' பிறந்தது. வாய்சஸ், மைராடா ஆகிய அமைப்புகள் யுனெஸ்கோவின் துணையுடன் 2001-இல் தொடங்கிய முயற்சி அது. சுய உதவிக் குழுப் பெண்களும் உள்ளூர் இளைஞர்களும் நிகழ்ச்சிகளைத் தாமே பதிவு செய்தனர். ஒலிநாடாக்களைக் குழுக் கூட்டங்களில் ஒலிக்கவிட்டனர். அலைபரப்பி வைத்தால் உரிமம் இல்லாத குற்றம். ஆகவே ஊரின் கேபிள் இணைப்பு வழியே ஒலியை வீடுகளுக்கு அனுப்பினர். (சிவசமுத்திரத்திலிருந்து 1902-இலேயே தங்கவயலுக்கு மின்கம்பி வந்த வட்டாரம் இது, கம்பியின் அருமை அங்குள்ளோர்க்குப் புதிதன்று.)

இங்குதான் சட்ட மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்படி கேபிள் நடத்துநர் அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டாலே அன்று போதுமானதாக இருந்தது. ஒலி மட்டுமுள்ள நிகழ்த்துதலும் அச்சட்டம் கூறும் 'நிகழ்ச்சி'யுள் அடங்கும். அதே பாட்டு, அதே குரல், அதே கேட்போர். காற்றில் சென்றால் குற்றம், கம்பியில் சென்றால் குற்றமில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமோ கம்பிவழி அனுப்புதலையும் 'ஒலிபரப்பு' என்றே வரையறுக்கிறது. ஒரே செயல் ஒரு சட்டத்தின் கண்ணில் ஒலிபரப்பு, மற்றொன்றின் கண்ணில் கேபிள் சேவை. சட்டம் எடைபோட்டது குரலை அன்று, அது செல்லும் குழாயை என்பது என் துணிபு. பூதிகோட்டைக்காரர்கள் செய்ததைச் சந்துவழி என்று இகழ்வாருமுளர். வாடிக்கையாளருக்கு நல்ல வழக்கறிஞர் செய்து தருவது வேறென்ன?

அதே கேள்வி பின்னர் பெருநிறுவனங்களின் உருவில் திரும்பி வந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒலிபரப்பு நிறுவனங்களுக்குப் பாடல்களின் சட்டமுறை உரிமத்தை அளித்தது. தாமும் ஒலிபரப்பாளரே என்று வின்க் இசைச் செயலி வாதாடியது. அவ்வுரிமம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே, இணையத்துக்கு இல்லை என 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் கூறிற்று. 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. இன்று மெய்நிகர் மேடையில் கச்சேரி நடத்த விழையும் நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்பவர் முதலில் தீர்க்க வேண்டியதும் இதுவே: எந்தக் குழாய்?

குழாயை விட்டுக் குரலுக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. செயற்கை நுண்ணறிவு தம் குரலைப் போலி செய்வதற்கு எதிராக 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் மும்பை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு பெற்றார். அவர் குரலுக்குச் சந்தை மதிப்பு உண்டு, வழக்குரைஞரும் உண்டு. ஒலிநாடாவில் பாடிய கிராமப் பெண்ணுக்கும் நிகழ்த்துநர் உரிமை சட்டப்படி உள்ளது. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து ஐம்பதாண்டுகள் அது நிலைக்கும். 2001-இல் பாடியவருக்கு 2051 இறுதி வரை. சமூக வானொலிகளின் பழைய பதிவுகள் எண்ணிம வடிவம் பெற்று மொழி மாதிரிகளுக்குத் தீனியாகக்கூடிய காலம் இது. அப்பதிவுகளுக்குப் பாடியவரிடம் இசைவு கேட்கும் படிவத்தை எம்மொழியில், எச்சொற்களில் எழுதுவது? சட்டமும் நாட்டாரியலும் பயிலும் நண்பர்கள் சேர்ந்தமர்ந்து வரைய வேண்டிய ஆவணம் அது. முன்வருவோர் எழுதுங்கள்.