பெயர்ந்தவள் பெயர்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைக் காண வருகிறவர்கள், அதன் வாயிலின் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் கண்டு சற்றுத் திகைத்து நின்று, பிறகு உள்ளே சென்று, கற்பலகைகளில் செதுக்கியிருக்கும் பெயர்களை விரலால் தடவித் தடவிப் படிக்க முயல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1613-ஆம் ஆண்டு கெல்திரியா கோட்டையைக் கட்டி, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் தம் சோழமண்டலக் கரை வாணிபத்துக்கு இவ்வூரையே தலைமையிடமாக வைத்திருந்த ஒல்லாந்தக் கம்பெனியார், தம்மவருள் இறந்தவர்க்குப் பெயரும் பதவியும் நாளும் கல்லில் பொறித்து வைத்தார்கள். கோட்டைக்கு வெளியே வலை உலர்த்தியவர்க்கும், கைக்குட்டைத் துணி நெய்தவர்க்கும், பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்கும் அவ்வாறு கல் நாட்டுவார் இல்லை. அப்படிக் கடல் கடந்தவர்களுள் ஒருத்தியின் பெயர் தென்னாப்பிரிக்கப் பழம் ஆவணங்களில் தங்கியிருக்கிறது. பழவேற்காட்டுக் காத்ரைன் என்று அவளைக் குறித்திருக்கிறார்கள். பத்தாவியாவில் அடிமையாயிருந்து, ஓர் ஆடவனைக் கொன்றாள் என்று தண்டிக்கப்பெற்று, 1650-களில் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தப்பட்டவள். காத்ரைன் என்பது பிறர் இட்ட பெயர். பழவேற்காடு என்பது சரக்கு எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். ஈன்ற தாய் அவளை எப்படி அழைத்தாள் என்று அந்தப் பேரேடு கேட்கவில்லை.

அவள் கணிகையல்லள். ஆயினும் நம் நாட்டுக் கதைகளில் வரும் கணிகையரின் மனக்காயத்தைப் பற்றி, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து வெளிவரும் இம்மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, அவளே முதலில் என் நினைவுக்கு வந்தாள். ஒருவரை அழைக்கும் நாமத்துக்கும், இருந்த இடத்தை விட்டு அகலும் செயலுக்கும் தமிழில் ஒரே சொல்தான். பெயர் என்கிறோம், பெயர்ந்தாள் என்றும் சொல்கிறோம். கணிகையர் கதைகளை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் கற்பு என்னும் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, அவள் ஒழுக்கத்தில் உயர்ந்தாளா தாழ்ந்தாளா என்று வழக்காடியிருக்கிறார்கள். எனக்கோ, அவள் நெஞ்சில் ஆறாமல் நிற்கும் வடு வேறோரிடத்தில் விழுந்திருக்கிறது என்று தோன்றுகிறது: அவள் யார் என்பதை அவளைக் கேளாமல் பிறர் முடிவு செய்துவிடுகிறார்கள், அவள் மனமாரச் சொன்ன சொல்லும் அவள் பெயரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வேறொருவர் பெயரில் போய்ச் சேர்கிறது.

இதற்கு ஆதிச் சான்று சிலப்பதிகாரத்து மாதவியே. ஐந்தாம் வயதில் ஆடலும் பாடலும் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்ற அந்தப் பெண்ணின் மாலை, 1008 கழஞ்சு பொன் விலை கூறப்பட்டு, ஒரு கூனியின் கையில் நகரத்துச் செல்வர் நடமாடும் தெருவில் நிறுத்தப்படுகிறது. அதைக் கோவலன் வாங்குகிறான். பன்னிரண்டு வயது என்பதை நாம் எத்தனை எளிதாகப் படித்துவிட்டுப் போகிறோம்! அரங்கின் நீள அகலங்களையும், யாழாசிரியனின் இலக்கணத்தையும், ஆடலாசிரியனின் தகுதியையும் பக்கம் பக்கமாக உரை கூறி விளக்கிய நம் பெரியோர்கள், விலை கூறப்பட்ட அந்த நேரத்தில் அக்குழந்தை எங்கே நின்றாள், என்ன நினைத்தாள் என்ற இடத்தில் நிற்கவே இல்லை. இளங்கோவடிகள் இதைச் சொல்லாமல் விட்டாரேயன்றி மறந்து விட்டார் என்று நான் கருதவில்லை; பின்னே வரும் காதைகளில் அந்த மௌனத்துக்கு அவர் விடை வைத்திருக்கிறார்.

இந்திர விழாவின் முடிவில் புகார்க் கடற்கரையில் இருவரும் அமர்ந்து பாடும் கானல்வரியை நெய்தல் நிலத்தார் ஆகிய நாம் நம் சொந்தப் பாட்டாகவே எண்ணலாம். கோவலன் பாடுவது பரதவர் மகளொருத்தியை. கொழுமீன் கருவாட்டைக் காயவைத்துவிட்டுப் பறவை ஓட்டும் சாக்கில் நிற்கிற அவள் கண்ணைக் கண்டு அஞ்சியவன் போல அவன் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறது என்று மாதவி உள்ளுக்குள் நொந்து, அதே யாழை வாங்கி, நெய்தல் நிலத்துத் தலைவி தன் ஆற்றாமையைச் சொல்வது போலப் பாடுகிறாள். இது சம்பிரதாயப் பாட்டு என்று கொண்டால் இருவரும் சமம். ஆனால் அவன் பாட்டைக் கற்பனை என்று உலகம் ஏற்கும். அவள் பாட்டை வாக்குமூலம் என்று அவன் ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். பாடகன் முகமூடி அணியலாம். கணிகைக்கு முகமே முகமூடி என்பது அவன் எண்ணம். அதை அடுத்த காதையில் அவனே வாய்விட்டுச் சொல்கிறான். தாழம்பூ மடலில் செம்பஞ்சுக் குழம்பால் அவள் எழுதி அனுப்பிய கடிதத்தை வாங்க மறுத்து, ஆடல் மகள் ஆகையால் நடிப்பு அவளுக்கு இயல்பாக வந்தது என்று தோழியைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். ஒருத்தியின் தொழிற்பெயரைக் கொண்டு அவள் கண்ணீரையும் பொய்யாக்கிவிடுகிற இந்த ஒரு சொல்லைக் காட்டிலும் கொடிய அடியை அந்தக் காப்பியத்தில் மாதவி வேறெங்கும் வாங்கவில்லை.

இதைவிட என்னை நெடுநாள் உறங்கவிடாமல் செய்த இடம் ஒன்று உண்டு. மதுரை செல்லும் வழியில் கௌசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாம் ஓலையைக் கொண்டுவந்து தருகிறான். ஓலை முத்திரையில் ஒட்டியிருந்த அவள் கூந்தல் மணமே முதலில் கோவலனுக்குப் பழைய நாட்களை உணர்த்துகிறது. பிரித்துப் படித்த பிறகு, பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று தெளிகிறான். இங்கே வாசகன் நெஞ்சு இளகுகிறது. உடனே அவன் செய்வது என்ன? அவ்வோலையின் வாசகம் தான் தன் பெற்றோருக்கு எழுதினாற்போலவே பொருந்தி நிற்பதைக் கண்டு, அதையே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்குமாறு கௌசிகனிடம் தருகிறான். அவள் எழுதியது அவன் எழுதியதாயிற்று. அவள் கேட்ட மன்னிப்பு அவன் கேட்ட மன்னிப்பாகப் புகார் வந்து சேர்ந்தது. மாதவிக்கு விடை எழுதப்படவே இல்லை. இதில் கோவலனை நிந்திப்பது என் நோக்கமன்று. அவன் அந்நேரத்தில் வேற்றுமை சிறிதுமின்றி அவள் சொல்லைத் தன் சொல்லாகவே ஏற்றான் என்று வாதிப்பாரும் உண்டு. ஆயினும் ஓலை அவள் பெயரிலிருந்து பெயர்ந்தது மெய்.

இதற்கு மாதவி கொடுத்த மறுமொழி, மகளின் பெயரிலும் பிறப்பிலும் அமைந்திருக்கிறது. முன்னொரு காலத்தில் கலம் உடைந்து கடலில் தத்தளித்த தன் முன்னோனைக் காப்பாற்றிய கடல் தெய்வத்தின் பெயரைக் கோவலன் குழந்தைக்கு இடச் சொல்ல, கணிகையர் பலர் கூடி மணிமேகலை என்று வாழ்த்தினார்கள். புயலில் மகனையோ கணவனையோ கரை சேர்த்த தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் நம் குப்பங்களில் இன்றும் உண்டாகையால், அந்தப் பெயரின் கனம் இங்குள்ளவர்களுக்கு உரை வேண்டாமலே விளங்கும். கோவலன் மாண்ட பின், பாட்டி சித்திராபதி பேத்தியைக் குலத்தொழிலுக்கு இழுத்தபோது, மாதவி துணிந்து, மணிமேகலை அந்த மாபத்தினியாகிய கண்ணகியின் மகள் என்று வசந்தமாலையிடம் சொல்லிவிடுகிறாள். தன் வயிற்றில் பிறந்த பெண்ணைக் காப்பாற்றத் தன் தாய்மைப் பெயரையே விட்டுக்கொடுக்கிறாள். இதைத் துறவின் மேன்மை என்று மட்டும் போற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் பெயரோடு சேர்ந்திருந்தால் மகளுக்கு வாழ்வில்லை என்று ஒரு தாய் எண்ண வேண்டி வந்ததே, அதை என்னென்பது!

பிற்காலத்து விறலிவிடுதூதுகளில் தாய்க்கிழவி மகளுக்கு ஆடவரைப் பறிக்கும் உபாயங்களைக் கற்பிப்பதே பெரும் பகுதி. அவற்றின் சொல்லழகை ரசிப்பவர் ரசிக்கட்டும். அங்கே பேசுகிற பெண் ஒருத்தியும் பெண்ணாகப் பேசவில்லை.

தானே பேசியவள் முத்துப்பழனி. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கிய அவள், தெலுங்கில் இயற்றிய ராதிகா சாந்த்வனம் என்னும் காவியத்தின் முகப்பில், புலவர்கள் தந்தை வழியைச் சொல்லும் மரபுக்கு மாறாக, தன் குலத்துப் பெண்களைப் பெயர் சொல்லிப் பெருமையுடன் நிறுத்தினாள். பின்னர் அந்நூலை அச்சிட்டவர்கள் சில செய்யுட்களோடு அந்த முகப்பையும் நீக்கிவிட்டார்கள். காதற் செய்யுட்களை நீக்கியதற்கு அவர்கள் காலத்துக் கூச்சம் ஒரு காரணமாகலாம். ஒரு பெண் தன் பாட்டியைப் புகழ்ந்து சொன்னதில் கூச்சப்பட என்ன இருந்தது? ஏட்டுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து, 1910-ஆம் ஆண்டு முழு நூலையும் பதிப்பித்தவர் அதே கணிகையர் மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆபாசம் என்று அரசாங்கம் தடை விதித்தது. ஆந்திர கேசரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராயிருந்த காலத்திலேதான் தடை நீங்கிற்று. பழவேற்காடு தமிழும் தெலுங்கும் ஒரே தோணியில் ஏறி இறங்கும் துறையாகையால், இந்த வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

வடக்கே 1899-இல் மிர்ஸா ஹாதி ருஸ்வா எழுதிய உம்ராவ் ஜான் அதா என்னும் உருது நாவலிலும் இதே வடு. பைஸாபாத்தில் அமீரன் என்று அழைக்கப்பட்ட சிறுமியை, தன் மேல் அவள் தந்தை சாட்சி சொன்ன பகைக்காக ஒருவன் கடத்திப் போய் லக்னோவில் விற்றுவிட, வாங்கியவள் வீட்டில் அவள் உம்ராவ் ஆகிறாள். பல்லாண்டு கழித்துப் பாட அழைக்கப்பட்டுச் சொந்த ஊருக்கே வந்து, சிறுவயதில் விளையாடிய புளியமரத்தைக் கண்டு தெருவை அடையாளம் கண்டுகொள்கிறாள். தாய் கட்டிக்கொண்டு அழுகிறாள். உடன்பிறந்தவன் ஊரை விட்டுப் போ என்கிறான். மரத்துக்கு அடையாளம் மாறவில்லை.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதைகள் கதையாக இருப்பது நின்றுவிடுகிறது. 1883-இல் பிறந்த அவரைச் சிறு பிராயத்திலேயே, வறுமையின் நிர்ப்பந்தத்தால், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி ஒருத்தியிடம் விட்டுவிட்டார்கள். மாதவியின் 1008 கழஞ்சுக்கும் இந்தப் பழைய புடவைக்கும் இடையில் எத்தனை நூற்றாண்டு! விலை இறங்கியதேயன்றி விற்பனை நிற்கவில்லை. அவர் அத்தொழிலை மறுத்து, தம் இசையாசிரியரையே மணந்து, ஊர் ஊராகச் சென்று, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்துக்கு எதிராகப் பேசி, 1936-ஆம் ஆண்டு தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் நாவலை வெளியிட்டார். கலையழகை மட்டும் தேடுவோர்க்கு அந்நூல் ஏமாற்றம் தரும். பாத்திரங்கள் மேடையேறிப் பிரசங்கம் செய்கிறார்கள், கதை நடுவே மாநாடு கூடுகிறது. இருந்தும் நான் அதை மதிப்பதற்குக் காரணம் உண்டு. வலையோடு பிறந்து வளர்ந்த நம் ஊரில், வலையைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி, இது யாருடைய வலை, இன்று யாருடைய பாடு என்பதுதான். கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் நடூர் மாதாகுப்பத்திலும் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எவர் வலையிடுவது என்று முறை வகுத்திருப்பதையே பாடு என்கிறோம். படுகிற துன்பத்துக்கும் அதே சொல். அம்மையார் நூலின் தலைப்பு தாசியின் வலை என்று சொன்னாலும், உள்ளே படிக்கப் படிக்க, கயிறு பிடித்திருக்கும் கைகள் கோயிற் சம்பிரதாயத்தின் கையாகவும், மைனர்களின் பணத்தின் கையாகவும், மகளில்லாவிட்டால் முதுமையில் சோறில்லை என்று அஞ்சிய தாயின் கையாகவும் தெரிகின்றன. வலை எவருடையதாயினும் பாடு அவளுடையதாக இருந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் கொண்டுவந்த பொட்டுக்கட்டு ஒழிப்பு மசோதா, 1947-இல் சட்டமாயிற்று. அதே காலத்தில் இன்னும் இரண்டு பெயர்மாற்றங்கள் நிகழ்ந்தன. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு உட்பட்ட குலத்தார் இசை வேளாளர் என்று தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். அது அவர்களுக்குக் கௌரவமான பெயர். அவர்கள் ஆடிவந்த சதிர் 1930-களில் பரதநாட்டியம் ஆயிற்று. ஆயின் அந்தப் புதுப் பெயரோடு கலை வேறு வீடுகளுக்குக் குடிபெயர, பாலசரஸ்வதி போன்ற சிலர் தவிர, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் வெளியே நின்றுவிட்டார்கள். பொட்டுக்கட்டு ஒழிந்தது பெரும் நன்மை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மாதவியின் ஓலை மறுபடியும் வேறு கைக்குப் போயிற்று என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு முற்பகலில், ஏரிக்கரைக் குப்பமொன்றில், பனையோலைப் பாயில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவே அமர்ந்து, கானல்வரியின் கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுள் ஒரு மூதாட்டி இளமையில் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவியவர். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் மணிக்கணக்காகக் குனிந்தே நகர்வார்களாம், வாயில் பறி இருப்பதால் பக்கத்தில் இருப்பவளோடும் பேச முடியாதாம். கோவலன் பாட்டில் கருவாட்டுக்குக் காவல் நின்ற பெண்ணைப் பற்றிச் சொன்னதும் அவர் கையிலிருந்த கோலை ஓங்கி, தாழ இறங்கிய செம்பருந்து ஒன்றை விரட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு இன்னா, சார்?" என்று கேட்டார். கோவலனும் பாடினான், மாதவியும் தன் துயரத்தை அந்தக் கரையோரத்துப் பெண்ணின் குரலிலேதான் பாடினாள். மடியிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். இருவரும் அவளுக்குப் பெயர் சொல்லவில்லை.