சாவி யார் கையில்?

காலை பத்து மணி. அவசரமாக ஒரு ஃபைல் வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறீர்கள். ஃபைல் எங்கேயோ ஒரு சர்வரில் இருக்கிறது. பெயர் தெரிகிறது, தேதி தெரிகிறது. திறந்தால்... 'பர்மிஷன் டினைட்'! நேற்று நீங்களே டைப் பண்ணின ஃபைல்தான் சார் அது. இன்றைக்கு 'நீ யாருப்பா?' என்கிறது மெஷின்.

கோபப்படாதீர்கள். இந்தக் கேள்விக்கு ஆயிரம் வயசு. அதை ரொம்பக் கறாராகக் கேட்ட ஒரு தலைமைச் செயலகம், இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் தஞ்சாவூரை விட்டுவிட்டு இங்கே தலைநகரை அமைத்தது 1025 வாக்கில். அடுத்த இருநூற்றைம்பது வருஷம் சோழ சாம்ராஜ்யத்துக்கு இதுதான் 'ஹெட் ஆபீஸ்'. ஒரு கிராமத்தைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டுமா? ராஜா வாயால் சொன்னால் போதாது. அவர் சொன்னதை 'திருமந்திர ஓலை' என்கிற அதிகாரி எழுதுவார். அதை 'திருமந்திர ஓலைநாயகம்' சரிபார்ப்பார். அப்புறம் அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். அங்கே வரிப்பொத்தகத்தில் ஏற வேண்டும். அதாவது, எழுதுபவர் வேறு, ஒப்புக்கொள்பவர் வேறு, பதிவு செய்பவர் வேறு. கடைசியில் ஊர்ச்சபைக்கு ஓலை போய்ச் சேரும். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்து, கல்லும் கள்ளியும் நட்டு, பிறகு செப்பேட்டிலோ கல்லிலோ வெட்டுவார்கள். செப்பேட்டு வளையத்தில் புலி, மீன், வில் பொறித்த முத்திரை. ஆட்சியாண்டு, நாள் எல்லாம் உள்ளே இருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே. ஊர்க் கணக்கு எழுதுகிறவர் தன் கணக்கைத் தானே ஒப்படைக்க வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறு கணக்கரைக் கூட்டிவரக் கூடாது. ஒப்படைக்காதவருக்கு மறுபடி அந்த வேலை கிடையாது! இன்றைக்கு ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் தட்டுகிற நம்ம ஆபீஸ்கள் அதைப் படித்தால் முகம் சிவக்கும்.

கம்ப்யூட்டர் உலகம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது ரொம்ப லேட். 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பித்த யூனிக்ஸில், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்று வரிசை வந்தது. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம்... அவ்வளவுதான். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ். கொண்டுவந்தது. வேறு மெஷினில் இருக்கிற ஃபைலை உங்கள் மெஷினில் இருப்பது போலவே திறக்கலாம்.

வம்பு அங்கேதான். மெஷினுக்குப் பெயர் தெரியாது, நம்பர்தான் தெரியும். உங்கள் மெஷினில் 1001 என்றால் கண்ணன். சர்வரில் அதே 1001 மாலாவாக இருந்தால்? கண்ணன் போய்த் தட்டினால் மாலாவின் ஃபைல் திறக்கும். கண்ணனுடையது திறக்காது! பெரிய அதிகாரியான 'ரூட்' வெளியிலிருந்து வந்தாலும் சர்வர் வழக்கமாக அவரை 'நோபடி' ஆக்கிவிடும். சம்பந்தி வீட்டில் நம்ம அதட்டல் செல்லாது இல்லையா, அது மாதிரி.

நம்பர் மாறினால் என்ன குழப்பம் வரும் என்பதை அரியலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த வருஷம் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1-ல் தனி அரியலூர் மாவட்டம். 2002-ல் திரும்பவும் பெரம்பலூர். 2007 நவம்பர் 23 முதல் மறுபடி அரியலூர். ஒருத்தர் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் நாலு தடவை அவருடைய கலெக்டர் ஆபீஸ் மாறிவிட்டது! நிலம் அதே நிலம். மனு எழுதும்போது மட்டும் 'உங்க ஊர் எந்த மாவட்டம்?' என்ற கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே இருந்தது.

சரி, ஃபைல் திறக்கவில்லை. என்ன செய்வது? முதலில் சொந்தக்காரர் நம்பர் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்தது, நிறையப் பேர் கோட்டைவிடும் இடம்: ஃபைலுக்கு அனுமதி இருக்கும், அது இருக்கும் ஃபோல்டருக்கு இருக்காது. அலமாரிச் சாவி கையில் இருக்கிறது, தெருக்கதவு பூட்டிக் கிடக்கிறது! எம்.ஐ.டி.யில் 1980-களில் பிறந்த கெர்பரோஸ் முறை என்றால் கடிகாரத்தையும் பாருங்கள். வழக்கமாக ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது. செப்பேட்டில் நாள் குறித்தார்களே, அதே சங்கதி.

எரிச்சலில் பலர் ஒரு குறுக்கு வழி பிடிப்பார்கள். 777 என்று மூன்று நம்பரைத் தட்டினால் ஊரில் உள்ள எல்லாருக்கும் எல்லா உரிமையும் வந்துவிடும். ஃபைல் திறக்கும். நாளைக்கு அதை அழித்தது யார் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ராஜராஜன் நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அவன் காலத்துக்குப் பிறகு அந்த அனுமதியை நிலைநிறுத்தியவன் மகன் ராஜேந்திரன். 21 செப்பேடுகளாக அது நின்றது. ஆனால் அந்த மாதிரி ஆணைகள் குவிந்திருந்த தலைநகரத்து ஓலைகளில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மாளிகைமேட்டில் தோண்டினார்கள், அரண்மனையின் செங்கல் சுவர்கள் வந்தன. சோழர் கணக்கை இன்றைக்கு நாம் படிப்பதெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பிரதிகளிலிருந்துதான்.