ஆங்கில மரபுத்தொடரும் நம் வீட்டுப் பழமொழியும்



"கிக் த பக்கெட்" என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "வாளியை உதை" என்றாகும். ஆனால் அதன் பொருள் இறந்துபோவது! நம்ம பேச்சில் "மண்டையைப் போட்டுட்டான்" என்கிறோமே, அதே கதைதான். அதை ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால், எங்கே போட்டான் என்று தேடுவார்!

இந்தச் சிக்கலை மறுபக்கமிருந்து சந்தித்தவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தியவர். ஆறுமுக நாவலர் அப்பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கிலப் பெயர்ப்புடன் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். 1874-இல் சென்னையில் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. அத்தனையும் ஊர்ச் சனங்களின் வாயில் வழங்கிய சொத்து!

மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் பலர் பின்னர் மலாயாவுக்குக் கப்பலேறினர். ரயில்வேயிலும் அரசாங்க ஆப்பீசிலும் எழுத்து வேலை, தோட்டத்தில் கிராணி வேலை. துரைக்கும் மரம் சீவியவருக்கும் நடுவே நின்றது அந்த ஆங்கிலமே. 1912 தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. ஆயினும் மரம் சீவியவரின் பிள்ளைக்கு ஆங்கிலம் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

இன்று நம் பிள்ளைங்க தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் படிக்கிறார்கள். "எங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்க" என்று பெற்றோர் ஒதுங்கிவிட வேண்டாம். சாவி உங்கள் கையில் இருக்கிறது.

"நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோவது" என்பது ஓர் ஆங்கிலத் தொடர். நியூகாசில், நூற்றாண்டுக் கணக்கில் நிலக்கரியைக் கப்பலேற்றிய ஊர். அங்கேயே கரி கொண்டுபோய் விற்றால்? "கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை" என்று பாட்டி சொல்வாரே, அதுதான். "காத்தாக் டி பாவா தெம்புரோங்" என்கிறார்கள் மலாய்க்காரர்கள்; தேங்காய்ச் சிரட்டைக்குள் தவளை. நமக்கோ அது கிணற்றுத் தவளை!

ஆகவே மாணவர்களே, புதிய தொடர் ஒன்றைப் படித்தால் நோட்டில் பொருளை எழுதுவதோடு நில்லாதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது அப்பத்தாவிடம், தாத்தாவிடம், "இதுக்கு நம்ம ஊருல என்ன சொல்வாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பழமொழியையும் பக்கத்தில் எழுதுங்கள். பெர்சிவல் பாதிரியார் செய்ததும் இதுவே. ஆங்கிலமும் மனத்தில் நிற்கும். நம் முன்னோர் சொல்லும் அழியாது நிற்கும்.