கோடையில்லா நாட்டில் கோடைக்கால அமுது

பங்குனி உத்திரத்தன்று நம் ஆலயத்தில் நீர்மோரும் பானகமும் வழங்குவது நெடுநாளைய வழக்கமாகும். சென்ற ஆண்டு மோர்க் குவளையைக் கையில் வாங்கிய என் மகள், "நமக்குத்தான் வருடம் முழுவதும் வெயிலாயிற்றே, அப்பா, இன்றைக்கு மட்டும் ஏன் மோர்?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சரியான விடை கூற என்னால் இயலவில்லை. அதன் பின்னர் தேடிப் படித்தவற்றையும், தோட்டப்புறத்தில் கண்டு வளர்ந்தவற்றையும் இம்மலர் வாயிலாக மெய்யன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விடை நம் முன்னோர் விட்டு வந்த மண்ணில் இருக்கிறது. தமிழகத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய திங்கள்கள் கடுங்கோடை. ஆற்றில் மணல் தெரியும். அறுவடை முடிந்த வயல் பாளம் பாளமாக வெடிக்கும். பசித்தாலும் சூடான உணவில் மனம் செல்லாது. ஆதலால் முதல் நாள் வடித்த சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் காலையில் மோரும் உப்பும் சேர்த்துச் சின்ன வெங்காயத்துடனோ, மாவடுவுடனோ உண்பது உழவர் வீடுகளின் வழக்கமாயிற்று. இரவு முழுவதும் நீரில் ஊறிய சோறு மெல்லப் புளித்து, எளிதில் செரிக்கும் தன்மையைப் பெறுகிறது. விடியலில் அடுப்பு மூட்டும் வேலையும் மிச்சம். வெள்ளரி, பூசணி போன்ற நீர்க்காய்களும், ஊறவைத்த பாசிப்பருப்பில் மாங்காயும் தேங்காயும் சேர்த்த கோசுமல்லியும் அக்காலத்திற்குரியவையே. இராம நவமியன்று பானகம், நீர்மோர், வடைப்பருப்பு ஆகியவற்றைப் படைப்பது ஏனென்று இப்பொழுது விளங்குகிறதல்லவா? மக்களின் உடலுக்கு எது இதமோ, அதுவே இறைவனுக்கும் நிவேதனமாயிற்று.

பெரியபுராணத்தில் அரிவாட்டாய நாயனார் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கணமங்கலத்தில் வாழ்ந்த தாயனார், வறுமையுற்றுக் கூலிக்கு நெல்லறுத்த நாளிலும் செந்நெல் அரிசி அமுதையும் செங்கீரையையும் மாவடுவையும் சிவபெருமானுக்குப் படைத்து வந்தார். ஒருநாள் பசிச் சோர்வால் அவர் இடறி விழ, அமுது நிலவெடிப்பில் சிந்திற்று. மனம் பொறாது அரிவாளால் தம் கழுத்தை அரியத் தொடங்கியபோது இறைவனின் கை அவர் கையைப் பற்றியது. மாவடுவைக் கடிக்கும் ஒலியும் நிலவெடிப்பிலிருந்து கேட்டது. அன்பின் உறுதியைக் காட்டும் இக்கதையில் சமையலறைச் செய்தி ஒன்றும் இருப்பதை நான் அண்மையில்தான் கவனித்தேன். வெடித்த வயலும் மாவடுவும் கோடையின் அடையாளங்கள். சோறு, கீரை, மாவடு என்ற மூன்றும் ஓர் ஏழை உழவனின் கோடைக்கால உணவேயன்றி வேறில்லை. மாவடுவை இறைவன் கடித்த ஓசையைச் சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்.

அதே நூலில் அப்பூதியடிகளையும் காண்கிறோம். திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் அவர் தண்ணீர்ப்பந்தல் அமைத்திருந்தார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் தம் பெயரை அங்குக் கண்டே அடிகளின் இல்லத்தைத் தேடிச் சென்றார். தைப்பூசத்திற்குப் பந்தல் போடும் நம் இளைஞர்கள் எவ்வளவு பழைமையான தொண்டைச் செய்கிறார்கள் என்பதை இதனால் உணரலாம்.

கல்வெட்டுகளிலும் இவ்வுணவுக்குச் சான்றுண்டு. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் அமுதுபடிக்குரிய பொருள்கள் அளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, உப்பு எல்லாம் உண்டு. மிளகாய் மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498இல் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்த பின்னரே அது நம் அடுக்களைக்குள் நுழைந்தது. அதற்கு முன் காரத்திற்கு மிளகும் இஞ்சியும். புளிப்புக்குத் தயிரும் மாங்காயும் புளியும். தயிர்ச்சோற்றுக்கு மோர்மிளகாய் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு (அடியேனும் அவர்களுள் ஒருவன்) இராசராசன் மோர்மிளகாயைக் கண்டவனல்லன் என்று நினைவூட்டலாம்.

இவ்வுணவு கடல் கடந்தது நம் பாட்டன்மார்களோடு. ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910இல் அம்முறை ஒழிந்த பின் கங்காணிகள் வழியாகவும், 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அவர்கள் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். இங்கே கோடையும் இல்லை, குளிரும் இல்லை. ஆயினும் பழைய சோறு நிலைத்தது, காரணம், பால்மரம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். இருட்டிலேயே பெரட்டுக்குப் போக வேண்டியவர்களுக்குச் சமைக்க நேரமேது? 1980களின் இறுதியில் நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலும் என் தந்தையார் தூக்குச்சட்டியில் பழைய சோறும் மோரும்தான் கொண்டு செல்வார். விடுமுறை நாளில் உடன் சென்றால், மரத்தடியில் அமர்ந்து மூடியில் எனக்கும் ஊற்றிக் கொடுப்பார். கொசுக்கடி மறந்துபோகும்!

பர்மாவிலிருந்து அரிசி வந்தவரை இந்த வழக்கத்திற்குக் குறைவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இந்நாட்டில் இறங்கிய பிறகு அரிசி அருகியது. மரவள்ளிக்கிழங்கே பலருக்கு மூன்று வேளை உணவாயிற்று. என் பாட்டியார் அக்காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். சட்டியில் ஒரு பருக்கையை விட்டாலும் எங்களை எழ விட மாட்டார், அவ்வளவுதான். (போருக்கு முன் இப்பகுதியிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற ஜவ்வரிசி அப்போது தடைப்படவே, சேலத்தார் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினர் என்பது இன்னொரு கதை.)

நம் திருவிழாக்களில் ஒரு மாற்றமும் நேர்ந்தது. தமிழகத்தில் தை மாதம் பனிக்காலம். தண்ணீர்ப்பந்தலின் தேவை பெரிதும் சித்திரையில்தான். இங்கோ தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கு, கெடா பக்கங்களில் மழை குறைந்த காலம். சுடும் தாரில் வெறுங்காலோடு நடந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறும் காவடி அன்பருக்குப் பனிக்காலம் ஏது? ஆகவே கோடைப் பந்தல் இந்நாட்டில் தை மாதத்திற்கு இடம் பெயர்ந்துகொண்டது. பங்குனி மோரும் வீணன்று. பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது 1998 ஏப்ரல் 9ஆம் நாள். அது பங்குனி மாதக் கடைசி.

இவ்வளவும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரின் தைப்பூசத்திற்கு என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். அவருக்கு நீரிழிவு நோய். வழிநெடுகப் பந்தல்கள், ரோஸ் சிரப், பால் கலந்த பண்டோங், பொட்டலப் பானம் என்று எல்லாம் இனிப்பு. "தம்பி, மோர் இருக்கா?" என்று நான்கு பந்தல்களில் கேட்டார். "மோரெல்லாம் இப்ப யாரும் குடிக்கிறதில்ல, பாட்டி" என்றார் ஒரு தொண்டூழியர், மரியாதையாகத்தான். தாயார் வெறும் தண்ணீரை வாங்கிப் பருகிவிட்டு நடந்தார். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர் விகிதமே மிகுதி. அந்த வரிசையில் என் தாயார் ஒருவர் மட்டுமா நின்றிருப்பார்?

மோர் செலவு மிகுந்த பொருளன்று. ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் குளிர்ந்த நீர் சேர்த்துக் கடைந்தால் 200 மில்லிலிட்டர்க் குவளையில் 25 பேருக்கு வழங்கலாம். உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, சிறிது பெருங்காயம் போதும். கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். சிறிது சிறிதாகக் கலந்து, எஞ்சிய தயிரைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் கெடாது. தயிர்ச்சோறு வழங்குவோர், குழைய வடித்த சோற்றில் முதலில் காய்ச்சிய பாலை ஊற்றிப் பிசைந்து, நன்கு ஆறிய பின் சிறிதளவே தயிர் சேர்த்தால் நண்பகல் வரை புளிக்காது. இது என் தாயாரின் முறை.

இவ்வாண்டு உத்திரத்திற்கு மோர்ப் பந்தலின் பொறுப்பைக் குழுவினர் என்னிடம் ஒப்படைத்துள்ளனர். நாற்பது லிட்டர் தயிருக்குச் சொல்லியிருக்கிறேன். இஞ்சி தட்டுவதற்கு என் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தால் காலை ஆறு மணிக்குள் கலந்து முடித்துவிடலாம்.