அடுப்புக்குள் இருந்த தாள்

1896 டிசம்பர் 29. ஸ்பானிய ஆட்சியால் மறுநாள் காலை சுட்டுக்கொல்லப்படவிருந்த பிலிப்பீன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசாலைப் பார்க்க மணிலாவின் சாந்தியாகோ கோட்டைக்குத் தாயும் சகோதரிகளும் வந்திருந்தார்கள். காவலர்கள் அருகிலேயே நின்றார்கள். தங்கை திரினிதாத்திடம் தன்னுடைய சிறிய ஸ்பிரிட் அடுப்பைப் பற்றிச் சொன்ன ரிசால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்று ஆங்கிலத்தில் மெல்லச் சேர்த்தார். ஸ்பானியக் காவலர்களுக்கு அது புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது.

அடுப்பு வீடு வந்து சேர்ந்தது. உள்ளே மடித்துத் திணித்த ஒரு சிறு தாள். அதில் பொடி எழுத்தில் 14 பத்திகள், 70 வரிகள். தலைப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை. பிலிப்பீன்ஸ் தேசத்தின் மிகப் புகழ்பெற்ற கவிதை சிறையைத் தாண்டிய விதம் இது.

அந்தக் குடும்பத்துக்கு ஒளித்துவைப்பது புதிதல்ல. லகூனா மாகாணத்தின் கலம்பாவில் செல்வாக்கோடு வாழ்ந்த மெர்காதோ ரிசால் குடும்பம் அது. பிள்ளைகள் 11 பேர். தாய் தியோதோரா அலோன்சோ பொய்க்குற்றச்சாட்டில் இரண்டரை ஆண்டு சிறையில் இருந்தவர். டொமினிக்கன் துறவிகளோடு ஏற்பட்ட குத்தகை வழக்கில் கலம்பா வீடும் நிலமும் பறிபோயின. தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லவைக்க அண்ணன் பாசியானோவைச் சித்திரவதை செய்தார்கள். எந்தக் காகிதம் அதிகாரிகள் கையில் சிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தாளைக் கையால் படியெடுத்தார்கள். படிகளில் ஒன்று கடல் கடந்து ஹாங்காங் போனது. 1897 ஜனவரியிலேயே ரிசாலின் நண்பர் மரியானோ போன்சே அதை அங்கே அச்சிட்டார். இன்று எல்லோரும் சொல்லும் 'இறுதிப் பிரியாவிடை' என்ற தலைப்பு ரிசால் வைத்ததல்ல, பிறர் சூட்டியது. ஸ்பெயினுக்குப் பின் பிலிப்பீன்ஸை ஆண்ட அமெரிக்காவின் நாடாளுமன்றத்தில் 1902இல் ஹென்றி கூப்பர் என்ற உறுப்பினர் அந்தக் கவிதையின் மொழிபெயர்ப்பை உரக்க வாசித்து, பிலிப்பீன்ஸ் மக்களுக்கான ஆட்சிச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார்.

கவிதை காப்பாற்றப்பட்டது, ஆனால் ரிசாலின் உடலைக் குடும்பத்திடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். சவப்பெட்டிகூட இல்லாமல் ரகசியமாகப் புதைத்தார்கள். அக்கா நார்சிசா கல்லறைத் தோட்டங்களில் தேடி அலைந்து, பாக்கோ தோட்டத்தில் புதிதாகத் தோண்டிய மண்ணைக் கண்டுபிடித்தார். அங்கிருந்தவருக்குப் பணம் கொடுத்து, தம்பியின் முதலெழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் பொறித்த கல்லொன்றை வைக்கச் செய்தார். ஸ்பானிய ஆட்சி ஒழிந்த 1898இல் அந்த அடையாளத்தை வைத்துத்தான் எலும்புகளைத் தோண்டியெடுத்தார்கள். காலணிக்குள்ளும் ரிசால் ஏதோ எழுதி வைத்திருந்ததாகக் குடும்பத்தார் நம்பினார்கள், ஆனால் அது மட்கிப்போயிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. எலும்புகள் தந்தப் பேழையில் குடும்பத்தாரிடமே இருந்தன. 1912 டிசம்பரில்தான் மணிலாவின் லுனேட்டா நினைவிடத்துக்குப் போயின.

ரிசாலைத் தேசிய வீரராகப் போற்றும் புத்தகங்கள் திரினிதாத்தையும் நார்சிசாவையும் ஓரிரு வரிகளில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசு ஆவணக் காப்பகம் செய்யவேண்டிய வேலையை இரண்டு பெண்கள், உளவாளிகள் சூழ்ந்த ஊரில், தங்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்தார்கள்.

அடுப்பு இன்று சாந்தியாகோ கோட்டையின் ரிசால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலத்தாள் தேசிய நூலகத்துக்குப் போனது. பூட்டும் காவலும் உள்ள அந்த இடத்திலிருந்துதான் 1961இல் அது திருடுபோனது. ரிசாலின் இரு நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளும் உடன் போயின. திருடர்கள் பணம் கேட்டார்கள். கல்வி அமைச்சர் அலெஹாந்த்ரோ ரோசஸ் பேச்சு நடத்தி மூன்றையும் மீட்டார். ரிசாலின் 150ஆவது பிறந்தநாள் ஆண்டான 2011இல் ஜெர்மன் வல்லுநர்கள் அவற்றைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள்.