களரியிலிருந்து பள்ளி மண்டபம் வரை

“சேர், போடியாருக்குத் தொப்பி வைப்பதா, திருநீறு பூசுவதா?”

கல்முனைப் பக்கத்துப் பாடசாலை மண்டபமொன்றிலே, இசாத் தொழுகை முடிந்து இளைஞர்கள் ஒவ்வொருவராக ஒத்திகைக்கு வந்து சேர்ந்த ஓரிரவில், எங்கள் குழுவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இவ்வாறு கேட்டான். பதினைந்து நிமிட நாடகம் அது. போடியாரிடம் முற்பணம் வாங்கிய வயற்காரன், சூடடித்து முடிந்த களத்திலே தன் பங்கைக் கணக்குப் பார்க்கின்றான். பார்க்கப் பார்க்கப் பங்கு குறைகின்றது, கடன் வளர்கின்றது. கதை அவ்வளவே. நடிகர்களே கூடியிருந்து எழுதிய அந்நாடகத்தை நெறியாளும் பொறுப்பு என்னுடையதாயிருந்தது.

வினாவுக்கு நான் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. தொப்பி வைத்தால் முஸ்லிம் பெருமக்கள் முகஞ்சுளிப்பர். திருநீறு பூசினால் தமிழ்ப் பெருமக்கள் கொதித்தெழுவர். போடியார் என்னும் சொல் இரு சமூகத்துக்கும் பொது. அவருடைய கணக்குப் புத்தகமும் பொது. எனினும் மேடையில் ஏறியவுடன் அவருக்கு ஒரு சமூகம் தேவைப்படுகின்றது. இந்நிலை எவ்வாறு வந்தது? இதற்கு விடை காண வேண்டுமாயின் இக்கரையின் நாடக வரலாற்றையே சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

கீழைக்கரைத் தமிழ்க் கிராமங்களில் கூத்து என்பது ஓரிரவுப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அண்ணாவியார் சட்டம் கொடுத்த நாளிலிருந்து, சதங்கை அணிந்து, அரங்கேற்றம் நிகழும் வரை ஊர் முழுவதுமே அதில் ஈடுபட்டிருந்தது. வடமோடியாயினும் தென்மோடியாயினும், வட்டக்களரியைச் சூழ்ந்து மக்கள் விடியும்வரை அமர்ந்திருந்தனர். முஸ்லிம் ஊர்களிலோ பொல்லடியும், றபான் இசையும், வயலிலும் வீட்டிலும் பிறந்த நாட்டார் கவிகளும் மக்கள் கலையாக விளங்கின. இவற்றைக் கொண்டு முஸ்லிம்களுக்கு நாடகம் அந்நியம் என்று முடிவு கட்டுவாரும் உளர். அலிபாதுஷா நாடகம் போன்ற நூல்கள் தமிழில் எழுந்தமை அக்கூற்றை மறுக்கப் போதுமானது.

இக்கரையின் நாடகச் சிந்தனையைப் பற்றிப் பேசுவோர் காரைதீவை மறத்தல் ஆகாது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, இருபுறமும் முஸ்லிம் ஊர்கள் சூழ அமைந்த அத்தமிழ்க் கிராமத்திலே 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். 1926இல் வெளிவந்த அவரது ‘மதங்க சூளாமணி’ சிலப்பதிகார உரை கூறும் நாடக மரபையும், சேக்சுபியரின் நாடகங்களையும், வடமொழித் தசரூபகத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தது. தசரூபகம் வகுத்த பத்து வகைகளுள் ஓரங்கத்தில் முடியும் சிறு நாடகங்களும் அடங்கும். எனவே குறுநாடகம் மேனாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான சரக்கு என்று எள்ளி நகையாடுவார் கூற்று பொருளற்றது.

ஆயினும், இன்றைய மனிதனின் வாழ்வை இன்றைய பேச்சிலே மேடையேற்றும் துணிவு வேறொரு திசையிலிருந்து வந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ என்னும் தொகுப்பில் நான்கு சிறு நாடகங்கள் உள்ளன. யாழ்ப்பாணத்து மக்களின் நாவில் வழங்கிய தமிழையே அவர் தம் பாத்திரங்களுக்குக் கொடுத்தார். மொழியியல் கற்ற பேராசிரியரே பேச்சுத் தமிழை மேடையேற்றியமை அக்காலத்திற் சிறு நிகழ்ச்சியன்று. அவ்வாறாயின் வாப்பா என்றும், உம்மா என்றும், ராத்தா என்றும் அழைக்கும் எங்கள் கரையின் தமிழ் எப்போது மேடையேறுவது? மாணவர் ‘தந்தையே’ என்று வசனம் எழுதிக்கொண்டு வரும்போதெல்லாம் நான் அவர்களைக் கேட்பது இதுவே: “வீட்டில் இப்படியா கூப்பிடுகிறாய்?” அவன் சிரிக்கிறான், பிறகு அடித்துவிட்டு ‘வாப்பா’ என்று எழுதுகிறான். அந்தக் கணத்தில் பாத்திரம் உயிர்பெறுகின்றது.

1956ஆம் ஆண்டு கொழும்பில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகம் என்ற நாட்டார் அரங்கினைத் தளமாகக் கொண்டு எழுந்த படைப்பு அது. அந்நாட்டார் அரங்கோ தமிழ்க் கூத்துடன் தாய்வழி உறவுடையது. நம்முடைய செல்வத்தை அயலார் போற்றியபோதுதான் நம்மவர் கண் திறந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். இரவெல்லாம் நடந்த கூத்து சில மணிநேரத்துள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. அண்ணாவியாருக்கு அருகே நெறியாளர் என்ற புதியவர் வந்து நின்றார்.

இம்மாற்றத்தின் சமூகப் பொருளை நாம் உணர்தல் வேண்டும். அண்ணாவியாரின் அதிகாரம் மரபிலிருந்து வந்தது. எதை ஆடுவது என்பது ஊருக்கு முன்பே தெரியும். எவ்வாறு ஆடுவது என்பதையே அவர் காத்தார். புதிய நாடகத்தின் நெறியாளனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எதை ஆடுவது, யாருக்காக ஆடுவது, யார் மனம் புண்படும், யார் வாய் திறக்கும் என்பவற்றிற்கெல்லாம் அவனே விடை சொல்ல வேண்டியவனாகின்றான்.

அறுபதுகளின் இறுதியில் அவ்விடை உரத்துச் சொல்லப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது; அதனையொட்டி ‘கந்தன் கருணை’ மேடைக்கு வந்தது. மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் சி. மௌனகுரு, 1969இல் ‘சங்காரம்’ நாடகத்திற் பேதங்களையே அரக்கர்களாக்கி, வடமோடி ஆட்டத்தால் அவர்களை வதைத்துக் காட்டினார். அக்காலத்திற் கல்முனையும் உறங்கியிருக்கவில்லை. பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த ஆசிரியர் கவிஞர் நீலாவணன் ‘மழைக்கை’ என்னும் பாநாடகத்தை எழுதினார். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1969-70இல் ‘கவிஞன்’ என்ற இதழை நடத்தினார். மகாகவியின் ‘கோடை’ என்ற பாநாடகத்தை 1970இல் நூலாக வெளியிட்டது கல்முனை வாசகர் சங்கமே. நாதசுரக் கலைஞர் குடும்பமொன்றின் கதையை யாழ்ப்பாணத்துக் கவிஞர் எழுத, அதனை முஸ்லிம் ஊரொன்றின் வாசகர் அச்சேற்றினர்! இச்செய்தியை நான் வகுப்பிற் கூறும்போது மாணவர் நம்ப மறுக்கின்றனர். அவர்கள் நம்ப மறுப்பதற்கும் காரணம் உண்டு.

1985 ஏப்ரலில் இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் மோதினர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் நாள் வீரமுனையிற் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒரே வீதியில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஒன்றையொன்று அஞ்சத் தொடங்கின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அது தொப்பியையும் திருநீற்றையும் பார்க்கவில்லை. ஆயினும் அலை வற்றிய பின்பு முகாம்களும் வீட்டுத் திட்டங்களும் மீண்டும் சமூக வாரியாகவே பிரிந்தன.

இத்தகைய மண்ணிலே குறுநாடகம் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். முதற்காரணம் பொருளியல். எங்கள் நடிகர்களுள் ஒருவர் தறியில் இருக்கிறார், ஒருவர் கடலுக்குப் போகிறார், ஏனையோர் மாணவர். மாதக்கணக்கில் ஆட்டம் பழக அவர்களுக்கு ஓய்வில்லை. இரவல் மண்டபமும் இரண்டு மின்குமிழ்களும் ஒரு பாயுமே எங்கள் முதலீடு. வறுமை தந்த இவ்வடிவமே வலிமையாகவும் அமையலாம் என்பதற்குச் சான்று அயல்நாட்டில் உண்டு. 1978இல் தில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் பெரிய நாடகங்களுக்குப் பணமின்றி நின்றபோது, ‘மெஷின்’ என்ற சிறு நாடகத்தைத் தெருவிற் கொணர்ந்தனர். ஆறு நடிகர், கால்மணி நேரத்துக்கும் குறைவான பொழுது; தொழிற்சாலையின் இயக்கம் முழுவதையும் நடிகர் உடல்களே காட்டின. அக்குழுவின் சப்தர் ஹாஷ்மி 1989ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் நாடகத்தினிடையே தாக்கப்பட்டு, மறுநாள் உயிர்நீத்தார். சிறு நாடகத்தை ஆளும் கூட்டத்தார் சிறிதாக எண்ணுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

எங்கள் ஒத்திகைக்கு மீள்வோம். மூன்று இரவுகள் விவாதித்தோம். இரண்டு வேடமும் இன்றி, பொதுவாக ஒரு சால்வை போர்த்திவிடலாம் என்றார் ஒருவர். அது கோழைத்தனம் என்று பெரும்பாலோர் கருதினர். இறுதியிலே கேள்வி கேட்ட மாணவனே வழியும் கண்டான். நாடகத்தை ஒரே இரவில் இருமுறை ஆடுவது. முதன்முறை போடியார் தொப்பியணிந்தவர், வயற்காரன் திருநீறு பூசியவன். இரண்டாம் முறை மாற்றி. வசனத்தில் ஓரெழுத்தும் மாறுதல் கூடாது; உறவுமுறை அழைப்புக்கள் மட்டும் மாறும்.

அவ்வாறே ஆடினோம். முதன்முறை மண்டபத்தின் ஒரு பக்கம் சிரித்தது, மறுபக்கம் இறுகியிருந்தது. இரண்டாம் முறை தொடங்கியபோது சிரிப்பு இடம் மாறியது. பாதி நாடகத்தில் இரு பக்கத்துச் சிரிப்பும் நின்றது. கணக்கு வாசிக்கப்படும் இடத்தில், பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், நடிகன் சொல்லுமுன்பே அடுத்த தொகையைச் சொல்லிவிட்டார்.

இதனை வெற்றி என்று முழங்க நான் துணியேன். நாடகம் முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்தார். “கணக்கு ஒன்றுதான் தம்பி. ஆனால் என் மகனைக் கொன்றது கணக்கல்லவே” என்றார். வர்க்கம் ஒன்றே என்று கூறி அவர் துயரைத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. அதற்கு வேறொரு நாடகம் எழுதப்படல் வேண்டும். அதனை எழுதும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை. மற்றொரு குறையும் உண்டு. வயற்காரனின் மனைவியாக நடிக்க முன்வந்த மாணவியைக் குடும்பத்தார் மேடையேற விடவில்லை. திரைக்குப் பின்னிருந்து அவள் குரல் மட்டுமே ஒலித்தது. குரல் நன்றாயிருந்தது என்று பலர் பாராட்டினர். அப்பாராட்டுக்காக நான் மகிழவில்லை.

ஆசிரிய நண்பர்களே, தமிழ்மொழித் தினப் போட்டிக்காக ஆண்டுதோறும் நம் பாடசாலைகளிற் குறுநாடகங்கள் பிறக்கின்றன. பரிசு கிடைத்ததும் கிடைக்காததுமாக அவை மறுநாளே மறைகின்றன. கூத்தின் ஏடுகளை அண்ணாவியார் பேழையில் வைத்துக் காத்தனர். நாமோ நாடகப் பிரதியைப் பரீட்சை வினாத்தாளின் பின்புறத்தில் எழுதித் தொலைக்கின்றோம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எழுதியவர் யார், நடித்தவர் யார், எந்த வசனத்திற்கு யார் எழுந்து நின்று மறுத்தனர் என்பதெல்லாம் அதிற் பதியப்படட்டும். அந்தத் தாயின் சொல்லை நான் எங்கள் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கின்றேன். அடுத்த நாடகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.