கஞ்சா: சொல்லும் தராசும்

ஊர்ப்பேச்சில் செடி, இலை, பொட்டலம், புகை எல்லாமே கஞ்சாதான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அப்படியில்லை. அங்கே கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனியோடு சேராமல் கிடக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது.

இந்தக் கறார் வடக்கத்திய வழக்கிலிருந்து வந்தது. வடமொழியில் பிறந்த சொல் இது. அங்கே ஒரே செடிக்கு மூன்று பெயர்: அரைத்த இலை பாங், பிசின் சரஸ், பெண்செடியின் பூங்கொத்து கஞ்சா. நம் சித்த வைத்தியர்களோ கோரக்கர் மூலி என்று செடிக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

பூவுக்கு அத்தனை மதிப்பு ஏன்? இன்றைய வங்கதேசத்தில் உள்ள நவ்காவ் வட்டாரத்தில், ஆங்கிலேய அரசின் உரிமம் பெற்றுக் குடியானவர்கள் கஞ்சா பயிரிட்டார்கள். 1893–94-இல் விசாரணை நடத்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அந்தச் சாகுபடியை விரிவாக எழுதி வைத்திருக்கிறது. பூக்கும் பருவத்தில் பொத்தார் என்ற கைதேர்ந்த ஆள் வயலில் இறங்கி, ஆண்செடிகளை அடையாளம் கண்டு பிடுங்குவார். ஒன்றிரண்டு தப்பினாலும் மகரந்தம் பரவிப் பெண்செடி விதை பிடிக்கும், பிசின் குறையும். அறுத்த கொத்தைக் காலால் மிதித்தால் தட்டைக் கஞ்சா, உருட்டினால் உருண்டைக் கஞ்சா. வரியும் வகைக்கு வகை வேறு. கலால்காரர்களுக்குச் சொல் துல்லியமாக இருந்தாக வேண்டியிருந்தது.

1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலிகளோடு இச்சொல் ஜமைக்காவுக்கும் போனது; 1913-இல் அந்தத் தீவு போட்ட தடைச்சட்டத்தின் பெயரிலேயே கஞ்சா இருந்தது.

சுதந்திர இந்தியாவின் சட்டம் இலையை வெளியே விட்டதால்தான் உத்தரப் பிரதேசத்தில் இன்றும் அரசு உரிமம் பெற்ற பாங் கடை நடக்கிறது. மறுபுறம், அதே சட்டத்தின் கணக்கில் கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு சிறை, ஜாமீன் குதிரைக் கொம்பு. அதனால்தான் 22 கிலோ பிடிபட்ட வழக்கில் வக்கீல் முதலில் தராசைப் பிடிக்கிறார்: இலை, தண்டு, விதையைப் பிரித்து எடை போட்டீர்களா? இதை ஏற்று ஜாமீன் தந்த உயர் நீதிமன்றங்கள் உண்டு. போதைக்கே இது ஆதரவு என்று கோபப்படுபவர்கள் சட்டத்தின் வரையறையை ஒருமுறை படிக்கலாம்.

இலங்கைப் பத்திரிகைகளில் இன்னொரு பெயர் வழங்குகிறது: ‘கேரள கஞ்சா’. யாழ்ப்பாணம், மன்னார் கடற்கரைகளில் பிடிபடும் இந்தியச் சரக்குக்கு அங்கே அதுதான் பெயர். தமிழகக் கடலோரத்தில் படகேறும் முன் சிக்கும் மூட்டைகளைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வந்தவை என்கிறது நம் போலீஸ்.